சாக்லேட் தேங்காய்ப் பர்பி

சாக்லேட் தேங்காய்ப் பர்பி என்பது தேங்காய்த் துருவலைச் சர்க்கரையுடன் சேர்த்து இறுகச் செய்து, அதன் மேல் கோகோ அல்லது சாக்லேட் அடுக்கு இட்டு, துண்டுகளாக வெட்டி உண்ணப்படும் ஓர் இனிப்புப் பண்டம் ஆகும். இது தமிழகத்தில் நெடுநாளாக வழங்கிவரும் தேங்காய்ப் பர்பியின் ஒரு வகை எனலாம். இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில் உள்ள சோமாலியா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளிலும் இதனை ஒத்த தேங்காய் இனிப்புகள் செய்யப்படுகின்றன. இப்பண்டத்தை அடுப்பில் கிளறியும் செய்யலாம், ஓவனில் வெதுப்பியும் செய்யலாம். தேங்காய் அடுக்கும் சாக்லேட் அடுக்கும் வெவ்வேறு காரணங்களால் இறுகுவதால், வெப்பமான ஊர்களில் எந்த முறையைப் பின்பற்றுவது என்பது முக்கியமாகிறது.

பெயர்

பர்பி என்னும் சொல் பனி எனப் பொருள்படும் 'பர்ஃப்' என்னும் பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது. பாலைச் சுண்டவைத்துச் செய்யப்படும் வெண்ணிறப் பண்டத்தையே இது முதலில் குறித்தது. பின்னர் தேங்காய், கடலை மாவு, முந்திரி முதலியவற்றால் செய்து துண்டுகளாக வெட்டப்படும் பிற இனிப்புகளுக்கும் இப்பெயர் பரவியது.

பரவல்

தமிழகத்தில் தேங்காய்ப் பர்பி தீபாவளிப் பண்டங்களுள் ஒன்றாகும். தமிழக எல்லையை அடுத்த ஆந்திரப் பகுதிகளில் இதற்கு நெருங்கிய பண்டம் 'கொப்பரி லௌஜு' எனவும், கருநாடகத்தில் 'கொப்பரி மிட்டாய்' எனவும் வழங்கப்படுகின்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் தீபாவளிக்குப் பல நிறங்களில் 'தேங்காய் மிட்டாய்' செய்வர். இலங்கையில் இதனைப் போன்றது 'பொல் டொபி' எனப்படும்.

சோமாலியாவில் தேங்காயைக் குறிக்கும் 'கும்பே' என்னும் சொல்லே தேங்காய் இனிப்பின் பெயராகவும் வழங்குகின்றது. தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய் ஆகியவை இதன் அடிப்படைப் பொருட்கள். கென்யா, தான்சானியா கடற்கரையில் சுவாகிலி மொழி பேசுவோர் செய்யும் 'கஷாத்தா' என்னும் பண்டம் தேங்காயாலோ வேர்க்கடலையாலோ ஆனது. இவற்றிலும் தேங்காய்ப் பர்பியில் உள்ளது போன்றே ஏலக்காய் மணம் சேர்க்கப்படுகின்றது.

தேங்காயையும் சாக்லேட்டையும் இணைத்த பண்டங்களுள் பலரும் அறிந்தது மார்ஸ் நிறுவனம் 1951இல் அறிமுகப்படுத்திய பவுண்ட்டி ஆகும். சோமாலிய இனிப்பைத் தழுவி வீடுகளில் செய்யப்படும் சாக்லேட் துண்டுகளும், தமிழகத்தின் இரு நிறப் பர்பியும் இதே இணைப்பைக் கொண்டவை.

மூலப்பொருட்கள்

தேங்காய்: முற்றிய தேங்காயின் பருப்பில் ஏறத்தாழ 47 விழுக்காடு நீரும் 33 விழுக்காடு கொழுப்பும் உள்ளன. கடைகளில் விற்கப்படும் உலர் தேங்காய்த் துருவலில் நீர் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. கொழுப்பு 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். உலர் துருவல் தயாரிப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. பர்பி வெண்ணிறமாக இருக்க வேண்டுமெனில் பருப்பின் பழுப்புத் தோல் சேராமல் துருவ வேண்டும்.

கோகோ: கோகோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி. இது நிழலில் வளரக்கூடியது ஆகையால் தென்னிந்தியாவில் தென்னந்தோப்புகளிலும் பாக்குத் தோப்புகளிலும் ஊடுபயிராக வளர்க்கப்படுகின்றது. தமிழகத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் இதனைக் காணலாம். எனவே இப்பண்டத்தின் இரு முதன்மைப் பொருட்களும் ஒரே தோப்பில் விளையக்கூடியவை. கோகோ விதையை அரைத்துப் பிழிந்தால் கோகோ வெண்ணெய் பிரியும்; எஞ்சியதைப் பொடித்தால் கோகோத் தூள் கிடைக்கும். சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் மிகுதி. கோகோத் தூளில் குறைவு.

செய்முறை

அடுப்பில் கிளறும் முறை

தேவையானவை: தேங்காய்த் துருவல் 200 கிராம், சர்க்கரை 300 கிராம், நீர் அரைக் குவளை, ஏலக்காய் 4, நெய் 3 தேக்கரண்டி, கோகோத் தூள் 2 மேசைக்கரண்டி.

1. ஒரு தட்டில் ஒரு தேக்கரண்டி நெய் தடவி வைக்கவும். கோகோத் தூளைச் சலித்து, மீதி நெய்யில் கட்டியின்றிக் குழைத்து வைக்கவும்.
2. அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரையையும் நீரையும் இட்டு, ஒற்றைக் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சவும். கரண்டியில் எடுத்துச் சற்று ஆறவைத்த பாகை இரு விரல்களுக்கு இடையில் இழுத்தால் ஒரு நூல் போல நீள்வதே இப்பதமாகும்.
3. துருவலையும் பொடித்த ஏலக்காயையும் சேர்த்து, மிதமான தீயில் இடைவிடாமல் கிளறவும்.
4. கலவை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு, விளிம்புகளில் வெண்ணிறமாகப் பூத்து வரும்போது மூன்றில் இரண்டு பங்கைத் தட்டில் கொட்டிப் பரப்பவும்.
5. மீதியைச் சிறு தீயில் வைத்து, குழைத்த கோகோவைச் சேர்த்து விரைவாகக் கலந்து, முதல் அடுக்கின் மேல் பரப்பி அழுத்தவும்.
6. இளஞ்சூடாக இருக்கும்போதே 24 துண்டுகளாகக் கோடிட்டு, முழுதும் ஆறிய பின் எடுக்கவும்.

வெதுப்பும் முறை

தேவையானவை: உலர் தேங்காய்த் துருவல் 200 கிராம், கண்டென்ஸ்டு மில்க் எனப்படும் இனிப்பூட்டிய சுண்டிய பால் 200 கிராம், ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, சாக்லேட் 150 கிராம்.

துருவல், சுண்டிய பால், ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து, நெய் தடவிய தட்டில் அழுத்திப் பரப்ப வேண்டும். முன்கூட்டியே 160 °செ வரை சூடாக்கிய ஓவனில், ஓரங்கள் பொன்னிறமாகும் வரை 20 முதல் 25 நிமிடங்கள் வெதுப்ப வேண்டும். முழுதும் ஆறிய பின், வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் சாக்லேட்டை உருக்கி மேலே ஊற்ற வேண்டும். உருகும் சாக்லேட்டில் சிறிது நீர் பட்டாலும் அது திரிதிரியாகக் கட்டிப்படும். சாக்லேட் அரைகுறையாக இறுகியிருக்கும்போது, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டினால் அடுக்கு உடையாது.

ஓவன் இல்லாத வீடுகளில் அடிகனமான பாத்திரத்தில் மணல் அல்லது உப்புப் பரப்பி, அதன் மேல் தாங்கி வைத்து, தட்டை உள்ளே வைத்து மூடி வெதுப்புவதும் உண்டு. இதற்கு பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் அதன் ரப்பர் வளையத்தையும் விசிலையும் நீக்கிவிட வேண்டும்.

இறுகும் விதம்

தேங்காய் அடுக்கு சர்க்கரைப் படிகங்களால் இறுகுகின்றது. 20 °செ வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையே கரையும். 100 °செ வெப்பநிலையில் 480 கிராமுக்கு மேல் கரையும். எனவே சூடான பாகு ஆறும்போது மிகுதியான சர்க்கரை நுண்படிகங்களாகப் பிரிந்து, துருவலை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. ஒற்றைக் கம்பிப் பதத்தில் பாகின் வெப்பநிலை ஏறத்தாழ 110 °செ ஆகும். அப்போது பாகில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரை இருக்கும்.

பாகு சரியான பதத்தில் இருந்தும் பர்பி இறுகாமல் போவதற்குப் பெரும்பாலும் தேங்காயில் உள்ள நீரே காரணம். 200 கிராம் புதிய துருவலில் 90 கிராமுக்கு மேல் நீர் உண்டு. துருவலைச் சேர்த்தவுடன் பாகு மீண்டும் நீர்த்துவிடும். இந்நீர் வற்றும்வரை கிளறுவதே மூன்றாம் படியின் நோக்கம். அளவுக்கு மீறிக் கிளறினால் கலவை தட்டில் பரவாமல் உதிர்ந்துவிடும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிந்து படிகமாதலைத் தடுக்கும். ஆதலால் பர்பிப் பாகில் அது சேர்க்கப்படுவதில்லை.

இதற்கு மாறாகச் சாக்லேட் அடுக்கு கொழுப்புப் படிகங்களால் இறுகுகின்றது. நன்கு பதப்படுத்திய சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 °செ வெப்பநிலையில் உருகும். திருத்தணி, திருவாலங்காடு, வேலூர் போன்ற வடதமிழகப் பகுதிகளில் கத்திரி வெயில் காலத்தில் வெப்பநிலை 40 °செ அளவைத் தாண்டுவது வழக்கம். அந்நாட்களில் சாக்லேட் அடுக்கு வீட்டுக்குள்ளேயே இளகிவிடும். உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின் மேல் சாம்பல் நிறப் படலம் தோன்றும். இது பூஞ்சணம் அன்று. கொழுப்பு மேற்பரப்பில் மீண்டும் படிகமாவதால் உண்டாவது.

சாக்லேட் எளிதில் ஊற்றவும் வெட்டவும் வருவதற்காகச் சிலர் அதனுடன் தேங்காய் எண்ணெய் சேர்ப்பர். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 °செ வெப்பநிலையில் உருகுவது. மேலும் அது கோகோ வெண்ணெயுடன் கலக்கும்போது இரண்டின் படிக அமைப்பும் ஒத்துப்போகாமல் கலவை மென்மையாகின்றது. குளிர்ந்த நாடுகளில் பயன்படும் இக்குறிப்பு தமிழகக் கோடையில் எதிர்விளைவையே தரும்.

கோகோத் தூள் சேர்த்த பாகு அடுக்கு இவ்வாறு இளகுவதில்லை. சர்க்கரைப் படிகம் 180 °செ வெப்பநிலைக்கு மேலேயே உருகும் ஆகையால், வெயிலில் அது வடிவம் மாறாது. எனவே கோடையிலும், பயணத்துக்கு எடுத்துச் செல்லவும் அடுப்பில் கிளறிய இரு நிறப் பர்பி ஏற்றது. சாக்லேட் ஊற்றும் முறை மார்கழி, தை போன்ற குளிர் மாதங்களுக்கும், குளிர்ந்த இடத்தில் வைத்து உடன் உண்பதற்கும் ஏற்றது.

கெடுதலும் சேமிப்பும்

கோயிலில் அர்ச்சனைக்கு உடைத்த தேங்காய் மூடிகளைப் பயன்படுத்திக்கொள்ளப் பர்பி ஒரு வழியாகும். ஆயினும் உடைத்த தேங்காய் வெப்பத்தில் விரைவில் கெடும். பிசுபிசுப்பு, புளித்த மணம், நிறமாற்றம் ஆகியவை கெட்டதன் அடையாளங்கள். சோப்புச் சுவை தோன்றுவதும் கெட்டதற்கு அறிகுறியே. ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்களின் நொதிகள் தேங்காய்க் கொழுப்பைச் சிதைத்து, லாரிக் அமிலத்தை விடுவிப்பதால் இச்சுவை உண்டாகின்றது.

கெட்ட தேங்காயைச் சர்க்கரையில் வேகவைத்தால் சரியாகிவிடும் எனக் கருதுவது தவறு. இந்தோனேசியாவில் தேங்காய்ச் சக்கையைப் புளிக்கவைத்துச் செய்த 'தெம்பே போங்கிரெக்' என்னும் உணவில் ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கிய போங்கிரெக்கிக் அமிலத்தால் பலர் இறந்தனர். 1988இல் அதன் தயாரிப்பு தடை செய்யப்பட்டது. இந்த நச்சு சமையல் வெப்பத்தால் அழிவதில்லை. எனவே ஐயத்துக்குரிய தேங்காயைக் கொட்டிவிடுவதே முறை.

நன்கு வற்றிய பர்பியில் உள்ள சிறிதளவு நீரையும் சர்க்கரை பிணைத்து வைத்திருப்பதால் நுண்ணுயிர் வளர்ச்சி குறையும். எனினும் புதிய தேங்காயில் செய்ததைச் சில நாட்களுக்குள் உண்டுவிடுவது நன்று. ஈரமற்ற மூடிய கலத்தில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை வெளியே எடுத்தால், அறை வெப்பநிலைக்கு வந்த பின்னரே கலத்தைத் திறக்க வேண்டும். இல்லையெனில் சாக்லேட்டின் மேல் நீர்த்துளிகள் படியும்.

உணவு மதிப்பு

மேற்கண்ட அடுப்பு முறையில் 300 கிராம் சர்க்கரை 24 துண்டுகளில் அடங்குவதால், ஒரு துண்டில் 12.5 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார அமைப்பின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, சேர்க்கப்படும் சர்க்கரையில் இருந்து பெறும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 2000 கிலோ கலோரி உண்பவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். நான்கு துண்டுகளிலேயே இவ்வளவு எட்டப்பட்டுவிடும். தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு ஆகும். நீரிழிவு உள்ளோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

தேங்காய்
கோகோ
மைசூர்ப் பாகு
கடலை மிட்டாய்
சோமாலியச் சமையல்