திரையில் தெரிந்த தமிழ்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் நினைவகத்தையுமே பேசுவர். கணித்ததை அது மனிதக் கண்ணுக்கு எவ்வாறு காட்டியது என்பது அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடும். தமிழ்ப் பத்திரிகைத்துறையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு அந்த அடிக்குறிப்பே முக்கியமாகப் படுகிறது. தமிழ் எழுத்து, கணனியின் முன்வாசல் வழியாக அல்லாமல், அச்சுப்பொறி, திரை என்ற பின்வாசல் வழியாகவே அதற்குள் நுழைந்தது. அதன் விளைவு இன்னும் நம்மை விட்டபாடில்லை.

ஆரம்பகாலக் கணனிகளிடம் எவரும் எழுத்தை எதிர்பார்க்கவில்லை. 1946 இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகமான எனியாக், விடைகளை அட்டைகளில் துளைகளாக இட்டுத் தள்ளியது. 1948 ஜூன் 21 ஆம் திகதி மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்தில் வைக்கப்பட்ட நிரலொன்றை முதன்முதலாக இயக்கிய சிறிய பொறி, கதோட்டுக் கதிர்க் குழாயின் முகத்தில் 32 வரிகளில் ஒளிப்புள்ளிகளைக் காட்டியது. அவற்றை ஒன்று, பூச்சியம் என்று பார்ப்பவர்தான் வாசித்துக்கொள்ள வேண்டும். கட்டியவர்களைத் தவிர அதற்கு வேறு வாசகர் இருக்கவில்லை.

எழுத்து, டெலிபிரின்டருடன் வந்தது. தந்திச் சேவைக்காகப் பிறந்த அப்பொறியைக் கணனிக்காரர் இரவல் வாங்கிக்கொண்டனர். 1963 இல் வெளிவந்த டெலிடைப் 33 என்ற பொறி விநாடிக்கு 10 எழுத்துகளைத் தட்டியது. அத்தனையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். கொழும்பில் நான் பணிபுரிந்த ஆசிரிய பீடத்தில் இதன் உறவுக்காரப் பொறியொன்று இரவு பகலாக இரைந்துகொண்டிருந்தது. உலகச் செய்திகள் பெரிய எழுத்து ஆங்கிலத்தில் சுருள் சுருளாக வந்து விழும். கிழித்தெடுத்துத் தமிழாக்கிக் கையால் எழுதிக் கொடுப்போம். அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்தாக அடுக்குவார். தமிழ், கணனிக்கும் தந்திக்கும் எட்டாத தூரத்தில் மரப்பெட்டி அறைகளுக்குள் இருந்தது.

திரை வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1928 இல் கொண்டுவந்த துளையட்டையில் 80 நிரல்கள் இருந்தன. அரை நூற்றாண்டின் பின்னர், 1978 இல் வெளிவந்த வி.ரி.100 முனையத்தின் திரையிலும் வரிக்கு 80 எழுத்துகளே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவான ஒரு கூடு. ஒற்றைக் கோடு போல் நிற்கும் 'ர'வுக்கும் கைகால் நீட்டிப் படுத்திருக்கும் 'ணௌ'வுக்கும் ஒரே அறையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அச்சுக்கூடம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்து வந்த புள்ளி அச்சுப்பொறிகளிலும் இதே இடநெருக்கடிதான். 1980 இன் எப்சன் எம்.எக்ஸ்.80 இல் அச்சுத்தலையில் 9 ஊசிகள் இருந்தன. ஆங்கில எழுத்துக்கு 9 புள்ளி உயரம் போதும். மேலே சுழியும் 'கீ'யும் கீழே இறங்கும் 'நூ'வும் அதற்குள் மூச்சுத்திணறின.

விடுதலை தந்தது லேசர் அச்சுப்பொறி. 1985 இல் அப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள். அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அதற்குள் இருந்தது. அந்த மொழி எழுத்தை ஒரு வளைகோட்டுச் சித்திரமாகவே கண்டது. எந்த மொழியின் எழுத்து என்று அது கேட்கவில்லை. வரைந்து கொடுத்ததை அச்சிட்டது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் புத்திசாலித்தனமான ஒரு காரியத்தைச் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 80களின் நடுப்பகுதியிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு 90களில் இலவசமாக வந்தது. ஈழத்தமிழர் கைகளில் பாமினி நிலைத்தது.

பாமினியில் 'தமிழ்' என்று அடிப்பவர் உண்மையில் அடிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். கணனி சேமிப்பதும் அவற்றையே. அரைப்புள்ளிதான் 'ழ'வின் தலையில் புள்ளியாகிறது. திரையும் அச்சுப்பொறியும் மட்டுமே தமிழைக் காட்டின. உள்ளே தமிழ் என்று எதுவும் இருக்கவில்லை. இதை மோசடி என்று பின்னாளில் பேசிய நிபுணர்களை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த உபாயம் இல்லாவிட்டால் பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் அக்காலத்தில் அத்தனை தமிழ்ப் பத்திரிகைகள் வெளிவந்திரா. அச்சிட்ட தாளே இறுதிப் பண்டமாக இருந்தவரை அதில் குறையும் இருக்கவில்லை.

இணையம் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. வாசகரின் திரை இப்போது அவருடைய வீட்டில் இருந்தது. எழுத்துருவோ எங்கள் அலுவலகத்தில். ஒவ்வொரு தளத்தின் தலையிலும் 'எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளவும்' என்ற வேண்டுகோள் தொங்கியது. தளத்துக்கொரு எழுத்துரு, பத்திரிகைக்கொரு குறியீடு. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாடு தாம், தாப் என்ற தரங்களுக்கு வழி செய்தது. இணையக் குழுக்களில் உருவான திஸ்கி வேறாக நின்றது. இவையும் எழுத்தின் வடிவத் துண்டுகளுக்கே எண் கொடுத்தன.

யுனிகோட் 1991 இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் அதைக் காட்ட வல்ல திரை வர மேலும் பத்தாண்டுகள் சென்றன. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். யுனிகோட்டில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்று, நாம் உச்சரிக்கும் ஒழுங்கில் இருக்கும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைத்து, காலை வலப்பக்கம் நிறுத்தி, நடுவில் ககரத்தைச் செருகும் வேலையைத் திரைக்கு முன்னால் இருக்கும் மென்பொருள் செய்தாக வேண்டும். மைக்ரோசொப்ட், விண்டோஸ் 2000 இல்தான் இதைத் தமிழுக்குச் செய்தது. 2001 இன் எக்ஸ்பியிலும் அதற்கான வசதியைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. கைத்தொலைபேசிகளில் கதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழை வாசிக்க ஒபேரா மினி என்ற உலாவியை நாடினோம். அதில் ஓர் அமைப்பை மாற்றினால், தொலைவிலுள்ள வழங்கியே தமிழைச் சிறு படங்களாக வரைந்து அனுப்பும். மறுபடியும் எழுத்துக்குப் பதில் சித்திரம்!

இன்று எந்தக் கையடக்கத் தொலைபேசியிலும் தமிழ் துலக்கமாகத் தெரிகிறது. ஆனால் 1990 முதல் 2005 வரை நாம் கணனியில் எழுதியவற்றின் கதி என்ன? போர்க்காலத்தின் செய்திகள், நேர்காணல்கள், இறந்தோர் பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் அந்தக் காலத்துக்கு உரியவை. பாமினியில் உள்ளவற்றைப் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் யுனிகோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். தமக்கென்று தனி எழுத்துரு செய்துகொண்ட அச்சகங்களின் கோப்புகளுக்கு அந்த எழுத்துருவே திறவுகோல். அது தொலைந்தால், எஞ்சுவது ஆங்கில எழுத்துக் குப்பை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் பத்திரிகைகளை வருடிப் படங்களாகப் பாதுகாத்து வருவது பேருதவி. அதே பத்திரிகையின் கணனிக் கோப்பை வாசிக்க முடியாமல், அது அச்சிட்ட தாளைப் படம் பிடித்து வாசிக்கிறோம்.

கட்புலன் இழந்த என் நண்பர் ஒருவர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார். 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் அது, திரையில் உள்ளதைக் குரலாக வெளியிடும், தமிழும் வாசிக்கும். என் அண்மைக்காலக் கட்டுரைகளை அவர் அவ்வாறே கேட்கிறார். 90களில் நான் எழுதிய தொடர் ஒன்றைக் கேட்டிருந்தார். கையிலிருந்த பழைய கோப்பை அனுப்பினேன். அந்தக் குரலுக்கு எழுத்துருவின் வடிவங்கள் தெரியாது. உள்ளே இருப்பது மட்டுமே தெரியும். அரை மணி நேரம் ஆங்கில எழுத்துகளை அது உச்சரித்ததாகத் தொலைபேசியில் சொன்னார். மாற்றியில் இட்டு, பிழை பார்த்து, முதல் இரண்டு அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதினொன்று இருக்கின்றன.