நித்திய கல்யாணி: வாசலில் பூக்கும் மருந்து, வாயில் போட்டால் நஞ்சு

வீட்டு வாசல், பள்ளிவாசல் வளாகம், மையவாடி என்று நம்மூரில் எங்கு பார்த்தாலும் யாரும் நடாமலே முளைத்து, வருடம் முழுவதும் பூத்துக் கிடக்கும் செடி நித்திய கல்யாணி. அடக்கத்தலங்களில் அதிகம் காணப்படுவதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இலங்கையில் இதன் பெயர் பட்டிப்பூ. புற்றுநோய்க்கு மருந்து தரும் இந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்கென்று பச்சையாக மென்று தின்னும் பழக்கம் நம்மிடையே இருப்பதால், இதைப் பற்றி எல்லோரும் அறிந்திருப்பது அவசியம்.

பிறப்பிடமும் தோற்றமும்

ஆப்பிரிக்காவின் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள மடகாஸ்கர் தீவுதான் இதன் தாயகம். அங்கிருந்து வெப்ப நாடுகள் அனைத்துக்கும் பரவியது. தாவரவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரளியைப் போலவே இதிலும் பால் வடியும். சுமார் ஒரு மீட்டர் வரை வளரும். எதிரெதிராக அமைந்த பளபளப்பான இலைகளும் ஐந்து இதழ்ப் பூவும் இதன் அடையாளம். இளஞ்சிவப்பு, வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு உள்ள வெள்ளை ஆகிய நிறங்கள் பரவலாக உள்ளன. மணற்பாங்கான நிலத்திலும் சுவர் இடுக்கிலும்கூட வளரும். வறட்சியைத் தாங்கும், தண்ணீர் தேங்குவதைத் தாங்காது.

மருந்தான வரலாறு

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்து வந்தார்கள். 1952-ல் அங்கிருந்து ஒரு மருத்துவர் அனுப்பிய இலைகள் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் நோபிளிடம் வந்து சேர்ந்தன. இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோதோ, இரத்த வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்து, கிருமித் தொற்றால் எலிகள் இறந்தன.

வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவக்கூடும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடியை ஆராய்ந்த எலி லில்லி நிறுவனம் வின்கிறிஸ்டினைக் கொண்டு வந்தது. 1963-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து இன்றும் வின்கிறிஸ்டின்தான் கொடுக்கப்படுகிறது. இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. வின்கிறிஸ்டினுக்கு இன்னும் அதிகம். இலையில் அந்த மருந்து அவ்வளவு சொற்பமாகவே இருக்கிறது. வீட்டில் காய்ச்சும் கஷாயம் புற்றுநோயைக் குணப்படுத்தாது. ஆனால் இலையில் உள்ள மற்ற பல நச்சுப் பொருள்கள் உடம்புக்குக் கேடு செய்யும். ஆடு மாடுகளே இதில் வாய் வைப்பதில்லை.

சாகுபடி

தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் மானாவாரியாகவும் இது பயிரிடப்படுகிறது. இலை, வேர் இரண்டுக்கும் வெளிநாட்டுச் சந்தை உண்டு. வேரிலிருந்து இரத்த ஓட்டம் தொடர்பான மருந்துக்கு அஜ்மலிசின் எடுக்கிறார்கள்.

விதை மிகச் சிறியது என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட வேண்டும். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். விதை பழையதானால் முளைப்புத்திறன் குறையும். இரண்டு மாத நாற்றை 45-க்கு 30 செ.மீ. இடைவெளியில் நடலாம். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, ஓராண்டில் வேரோடு அறுவடை செய்வது வழக்கம். வாங்குபவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு பயிரிடுவதே நல்லது. வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் நல்ல வெயிலும் வடிகாலும் இருக்கப் பார்த்துக்கொண்டால் போதும்.

கவனிக்க வேண்டியவை

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. கூடவே, மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்றும் ஃபிக்ஹ் சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்பை அடுத்தவருக்கு அனுப்பும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தச் செடியை எந்த வடிவிலும் உட்கொள்ளக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இலையையும் சேர்த்தால் சர்க்கரை திடீரென இறங்கும் அபாயம் உண்டு. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பூவைப் பறித்து விளையாடும் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புற்றுநோய் கண்ட பிள்ளைக்கு மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திவிட்டு இந்த இலைச்சாற்றைக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தச் செடியின் பயன் முழுமையாகக் கிடைப்பது, மருத்துவர் அளவு பார்த்துச் செலுத்தும் அந்த ஊசியில்தான்.