முகூர்த்தத்துக்குள் நுழைந்த காமிரா

1850இல் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அங்கே ஒளிப்படத்தையும் பாடமாக்கினார். 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது. மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீள்சுருளாக்கினார். கல் அசையாது, அக்காலக் காமிராவுக்கு வேண்டியது அதுதான். தாலி கட்டும் கை அசையும். அதுவும் விடியற்காலையில், அரையிருட்டுக் கூடத்தில், ஓமப்புகைக்கு நடுவே. (‘புகைப்படம்’ என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது அந்த ஒரு படத்துக்குத்தான் என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.)

ஆகவே நம்மிடையே ‘கல்யாண போட்டோ’ என்பது நெடுங்காலம் கல்யாணத்தின் படமாக இருக்கவில்லை; கல்யாணம் முடிந்தவர்களின் படமாகவே இருந்தது. சடங்குகள் ஓய்ந்தபின் மணமக்கள் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். மாடிப்படியும் பூந்தோட்டமும் தீட்டிய திரைக்கு முன்னால் ஒருவர் அமர, மற்றவர் நிற்பார். முகத்தில் சிரிப்பு இராது. நாணம் பாதி காரணம். அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயம் மறுபாதி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படிகளாக்கியிருக்கிறது. மன்னர்களின் படங்களைவிடப் பெயர் தெரியாத குடும்பங்களின் இப்படங்களே நமது சமூக வரலாற்றுக்கு அதிகம் உதவுபவை என்பது என் துணிபு.

சுருள் பிலிமும் பிளாஷும் வந்தபின்தான் காமிரா மணவறையை நெருங்கியது. அந்நாளைய தொழில்நுட்பம் சிக்கனத்தின் தொழில்நுட்பம். 120 சுருளில் சதுரப் படங்கள் பன்னிரண்டுதான். ரோலிபிளெக்ஸ், யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் காமிராக்களை மார்பருகே வைத்து, குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் உருவமோ இடவலம் மாறியிருக்கும். கூட்டம் மறைத்தால் காமிராவைத் தலைகீழாக உயர்த்திப் பிடித்து, அண்ணாந்து பார்த்து எடுப்பார்கள். ஒளி அளவு மனக்கணக்கு: பிளாஷின் எண் 28 என்றால், மணமக்கள் மூன்றரை மீட்டர் தொலைவில் இருக்கையில் துவாரம் எட்டு. ஒருமுறை மின்னிய பிளாஷ் மறுபடி மின்னேறச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளுக்குள் மூன்றாம் முடிச்சு விழுந்துவிடும்.

எனவே படக்காரர் சடங்கறிந்தவராக இருந்தாக வேண்டும். கெட்டிமேளத்துக்கு முன் புரோகிதர் கையசைப்பதும், அட்சதை எந்தப் பக்கமிருந்து விழும் என்பதும், எந்தச் சாதியில் நாத்தனார் எப்போது முடிச்சிட முன்வருவாள் என்பதும் அவருக்குத் தெரியும். 1967இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சுருளைப் போட்டுக்கொண்டு முகூர்த்தத்துக்கு நின்றவர்களின் இவ்வறிவை எவரும் எழுதி வைக்கவில்லை.

பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. ‘கொஞ்சம் அப்படியே பிடிங்க’ என்று படக்காரர் சொல்ல, தாலி அந்தரத்தில் நிற்கலாயிற்று. இதைச் சீரழிவு என்பாருண்டு. நான் அப்படிக் கருதவில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளித்த 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உற்றார் முன்னிலையில் உறுதி கூறி மாலை மாற்றினாலே மணம் நிறைவுறும். அக்கினி சாட்சி இல்லாத அம்மேடையில், தலைவர் நடுவில் நிற்க மணமக்கள் மாலையுடன் நிற்கும் ஒரு படம், வீட்டுச் சுவரில் நிலைத்த சாட்சியாயிற்று.

காத்திவாக்கத்தில் இதன் பொருள் இன்னும் கூடுதல். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த இவ்வூரில், மீனவக் குடும்பங்களும் ஆலைகளை நம்பி வந்து குடியேறியவர்களும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். இப்பகுதி மாணவர்களிடம் குடும்பத்தின் மிகப் பழைய ஆவணத்தைக் கொண்டுவரச் சொன்னால், பலர் கொண்டுவருவது பத்திரத்தையன்று, தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தை.

அப்படங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று உறுத்தும். கடலிலும் உலையிலும் உழைத்தவர்களின் முகங்கள் ஏன் இத்தனை வெளுப்பு? நெகட்டிவில் கூரிய பென்சிலால் மெல்லத் தீற்றினால் அச்சில் அவ்விடம் வெளுக்கும். ‘டச்சிங்’ எனப்பட்ட இவ்வேலைக்கு நுட்பமான கை வேண்டும். வண்ணப் பிலிம் வந்தபோதும் விடிவில்லை. கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் நெடுங்காலம் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. வெள்ளை வேட்டிக்கு ஒளியளந்தால் கரிய முகம் இருளில் மூழ்கும். முகத்துக்கு அளந்து, வேட்டியின் மடிப்புகளைச் சற்று இழக்கத் துணிபவரே நல்ல படக்காரர். பாட்டியின் உண்மையான நிறம் என்னவென்று பேத்திக்குத் தெரியாமற்போவதை நான் சிறிய இழப்பாக எண்ணவில்லை.

இப்படங்களுக்கு உப்புக்காற்றும் ஈரமும் நிரந்தரப் பகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் வட்டாரக் குடியிருப்புகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளமே புகுந்தது. நனைந்த ஆல்பத்தை அப்படியே காயவிட்டால், படங்களின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் உரிந்துவிடும். ஈரம் உலருமுன் குளிர்ந்த தூயநீரில் மிதக்கவிட்டுத் தனித்தனியே பிரித்து, முகப்பு மேல்நோக்கி இருக்க நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் சுருளும். நன்கு உலர்ந்தபின், படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பாட்டியிடம் கேட்டு, பின்புற ஓரத்தில் மென்பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம். அதன் அழுத்தம் முன்புறம் தடமாகத் தெரியும்.