பெயரில் ஊரகம்: பெங்களூர் ஊரக மக்களவைத் தொகுதியின் உருவாக்கமும் வாக்காளரும்

முன்னுரை

ஒரு தொகுதியின் பெயர் அதன் நிலத்தையும் மக்களையும் சுட்டுவது இயல்பு. கர்நாடகத்தில் 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையால் உருவான பெங்களூர் ஊரக மக்களவைத் தொகுதி இவ்வியல்பிற்கு விலக்காக உள்ளது. தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், ஹொசகோட்டை, நெலமங்கலம் என்னும் நான்கு வட்டங்களைக் கொண்டது பெங்களூர் ஊரக மாவட்டம். அப்பெயர்களைத் தாங்கிய நான்கு சட்டமன்றத் தொகுதிகளும் சிக்கபள்ளாபுரம் மக்களவைத் தொகுதியில் அடங்குகின்றன. பெங்களூர் தெற்குச் சட்டமன்றத் தொகுதியோ, அதே பெயருடைய மக்களவைத் தொகுதியில் சேராமல் ஊரகத் தொகுதியில் சேர்ந்துள்ளது. இப்பெயர் முரண் தோன்றிய வரலாற்றையும், அதனுள் ஊரக வாக்காளர் பெற்றுள்ள இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் மாவட்டமும்

இந்நிலப்பகுதிக்கும் நகருக்கும் உள்ள உறவு பழமையானது. 1537இல் பெங்களூர்க் கோட்டையை அமைத்தவர் கெம்பேகவுடர். 1638இல் பீசப்பூர்ப் படைகளிடம் நகரை இழந்தபின் அவர் மரபினர் மாகடியைத் தம் இருப்பிடமாகக் கொண்டனர். நகரை ஆண்டோர்க்கு ஊரகம் புகலிடமான காலம் அது.

1986இல் பெங்களூர் மாவட்டம் நகரம், ஊரகம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மாகடி, இராமநகரம், சன்னபட்டணம், கனகபுரா ஆகிய வட்டங்கள் ஊரக மாவட்டத்தில் அமைந்தன. 2007இல் இந்நான்கும் பிரிந்து இராமநகர மாவட்டமாயின. மறுவரையறை ஆணையம் பணியாற்றிய ஆண்டுகளிலேயே இப்பிரிவினை நிகழ்ந்தது. எனவே, தொகுதியின் பெயர் பழைய மாவட்டத்தின் எச்சம் எனக் கருத இடமுண்டு. 2025இல் இராமநகர மாவட்டத்திற்குப் 'பெங்களூரு தெற்கு' எனப் பெயரிடக் கர்நாடக அமைச்சரவை முடிவு செய்தமை, நகரின் பெயர் ஊரகத்தின்மேல் படரும் போக்கிற்கு மற்றொரு சான்றாகும்.

மறுவரையறை

1976இல் இயற்றப்பட்ட 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களுக்குரிய மக்களவை இடங்களை 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அளவில் நிறுத்தியது. 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அந்நிலையை நீட்டித்தது. எனினும், மாநிலத்திற்குள் எல்லைகளை மாற்றியமைக்க அது இடமளித்தது. 2003இல் வந்த 87ஆவது திருத்தம் அதற்கு 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் இப்பணியை மேற்கொண்டது. புதிய எல்லைகளின்படி முதலில் தேர்தல் கண்ட மாநிலம் கர்நாடகமாகும் (மே 2008).

இதனால் 1967 முதல் இருந்த கனகபுரா மக்களவைத் தொகுதி மறைந்தது. நகர வளர்ச்சியால் பெருத்திருந்த உத்தரஹள்ளியும், ஊரகப் பகுதியான சாத்தனூரும் சட்டமன்றத் தொகுதிகளாக நீடிக்கவில்லை. புதிய மக்களவைத் தொகுதியில் மாகடி, இராமநகரம், சன்னபட்டணம், கனகபுரா, தும்கூர் மாவட்டத்துக் குணிகல் ஆகிய ஐந்தும், நகரைச் சார்ந்த இராசராசேசுவரி நகர், பெங்களூர் தெற்கு, ஆனேக்கல் (தனி) ஆகிய மூன்றும் இணைந்தன.

வாக்காளர் நிலை

ஐந்துக்கு மூன்று என்னும் கணக்கில் ஊரகமே மேலோங்கி நிற்பதாகத் தோன்றும். வாக்காளர் எண்ணிக்கை இதற்கு மாறானது. ஊரகத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 முதல் 2.5 இலட்சம் வாக்காளர்களே உள்ளனர். பெங்களூர் தெற்குச் சட்டமன்றத் தொகுதி ஒன்றே 2023இல் 6 இலட்சத்தைக் கடந்திருந்தது. 2024இல் மக்களவைத் தொகுதியின் மொத்த வாக்காளர் ஏறத்தாழ 28 இலட்சம். ஆகவே, ஊரகத் தொகுதிகள் ஐந்தும் சேர்ந்தும் பாதியை எட்டவில்லை. 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி வகுக்கப்பட்ட சமநிலை, பொம்மசந்திரா, சிகனி தொழிற்பேட்டைகளும் புறநகர்க் குடியிருப்புகளும் வளர வளரக் குலைந்தது.

தொடக்க ஆண்டுகளில் இம்மாற்றம் வெற்றியாளர்களிடம் வெளிப்படவில்லை. 2009இல் எச்.டி. குமாரசாமி வென்றார். 2013 இடைத்தேர்தலிலும் 2014, 2019 பொதுத்தேர்தல்களிலும் டி.கே. சுரேஷ் வென்றார். இருவரின் அரசியலும் இராமநகரம், கனகபுரா வட்டாரங்களில் வேரூன்றியது. 2024இல் பெங்களூர் நகரின் செயதேவா இதயநோய் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய மருத்துவர் சி.என். மஞ்சுநாத் 2,69,647 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். பாரதிய ஜனதா, மதச்சார்பற்ற ஜனதா தளம் ஆகியவற்றின் கூட்டணியும் இவ்வெற்றிக்குக் காரணம். நகர வாக்கு ஒன்றையே காரணமாகக் கொள்வது பொருந்தாது. எனினும், இவ்வேறுபாடு ஐந்து ஊரகத் தொகுதிகளுள் எந்த ஒன்றின் மொத்த வாக்காளரையும் விஞ்சியது என்பது கருதத்தக்கது.

நீர் காட்டும் உறவு

ஊரகமும் நகரமும் ஒரே உறுப்பினரைப் பெற்றிருப்பதன் சிக்கலை நீர்வழிகள் தெளிவாக்குகின்றன. நகருக்குரிய காவிரிக் குடிநீர் ஹாரோஹள்ளி வழியாக மேலேற்றப்படுகிறது. நகரின் கழிவுநீரோ விருசபாவதி வழியாகப் பைரமங்கலம் ஏரியை அடைந்து, பிடதிப் பகுதி உழவரின் வயல்களுக்குப் பாய்கிறது. விருசபாவதி அர்க்காவதியிலும், அர்க்காவதி கனகபுரா வட்டத்தில் காவிரியிலும் கலக்கின்றன. அங்கிருந்து அந்நீர் தமிழகம் நோக்கிச் செல்கிறது. கர்நாடக - தமிழகப் பூசலுக்குரிய மேகதாட்டும் இவ்வட்டத்திலேயே உள்ளது. குடிநீர் வேண்டுவோரும் கழிவுநீரைப் பெறுவோரும் ஒரே வாக்காளர் பட்டியலில் இருக்கின்றனர். முன்னவர் எண்ணிக்கையே பெருகி வருகிறது.

நிறைவுரை

புதிய தொகுதி ஊரகத்திற்குப் பெயரைத் தந்தது, பெரும்பான்மையைத் தரவில்லை. வரைந்த நாளில் முறையாக இருந்த எல்லை, மக்கள் நகர்வால் முறை பிறழ்ந்தது. அடுத்த மறுவரையறை பற்றிய விவாதம் மாநிலங்களுக்கு எத்தனை இடங்கள் என்பதையே பெரிதும் சுற்றி வருகிறது. பெருநகர் விளிம்பிலுள்ள சிற்றூர்களின் வாக்கு எந்த வாக்குகளோடு சேர்த்து எண்ணப்படும் என்பதும் அதற்கு இணையான வினாவாகும். சிற்றூர்கள் தனித்தொகுதியாயின் அவற்றின் குரல் தெளிவாக ஒலிக்கும்; ஆனால் நகரின் கழிவுநீருக்கு விடை கூறக் கடமைப்பட்ட உறுப்பினர் அவற்றுக்கு இல்லாமற் போவார். நகரோடு இணைந்தே இருப்பின் அவ்வுறுப்பினர் இருப்பார். அவரை வினவும் வலிமை ஆண்டுதோறும் குறையும். இவ்விரண்டனுள் எது ஏற்றது என்பதை மக்கள்தொகைக் கணக்கு மட்டும் முடிவு செய்ய இயலாது என்பதையே இத்தொகுதியின் வரலாறு உணர்த்துகிறது.