தொழுகை ஆடையில் ஒரு செம்புள்ளி: தெள்ளு, பூனை, தாஊன்

சென்ற ஷஅபான் மாதத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் ஒரு பூனை மூன்று குட்டிகளை ஈன்றது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு அதுவே பெருநாள். அடுத்த வாரம் வீட்டில் அனைவரும் கணுக்காலைச் சொறியத் தொடங்கினோம். ஒரு நாள் பஜ்ருக்கு எழுந்த என் உம்மா, தம் வெள்ளைத் தொழுகை ஆடையின் ஓரத்தில் கடுகளவான செம்புள்ளிகளைக் கண்டு, "வாப்பா, இதோட தொழுதா கூடுமா?" என்று கேட்டார்கள். அன்று மாலையே என் துணைவியார் வேறொரு கேள்வியை எழுப்பினார்: "இந்தப் பூனையைக் குட்டிகளோடு மீன் சந்தையில் விட்டுவிட்டு வந்தால் என்ன?"

முதல் கேள்விக்குரிய விடை அலமாரியிலேயே இருந்தது. இரண்டாம் கேள்விக்கு விடை தேடப் போய், கெய்ரோ வழியாகக் கராச்சி வரை ஏடுகளில் பயணம் செய்ய நேர்ந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்களில் பூனையின் மேல் ஊரும் எதையும் உண்ணி என்று சொல்லிவிடுகிறோம். உண்ணி என்பது மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து உப்பும் பூச்சி, அது குதிக்காது. எங்கள் வீட்டில் இருந்தது தெள்ளு. இறகில்லாதது, பக்கவாட்டில் தட்டையானது, பிடிக்கப் போனால் துள்ளி மறைவது. அரபியில் இதனை 'புர்கூஸ்' என்பர்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில், தொழுகையின் ஆடைத் தூய்மையைப் பற்றிய பகுதியை எடுத்தால் இந்தப் புர்கூஸ் வந்துவிடும். இமாம் ராஃபிஈ (ரஹ்) அவர்கள், தெள்ளின் இரத்தம் சிறிதளவாயின் மன்னிக்கப்படும், அதிகமாயின் மன்னிக்கப்படாது என்ற கருத்தை முன்வைத்தார்கள். அவர்களுடைய நூலைச் சுருக்கி 'மின்ஹாஜ்' எழுதிய இமாம் நவவி (ரஹ், வஃபாத் ஹிஜ்ரி 676 / கி.பி. 1277) அவர்கள் அந்த இடத்தில் நிறுத்தி, ஆய்வாளர்களிடம் சரியானது அளவு பாராமல் மன்னிப்பதே என்று தம் கருத்தைச் சேர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மலபாரில் எழுதப்பட்டு, இன்றும் நம் மாணவர்கள் ஓதுகின்ற 'ஃபத்ஹுல் முஈன்' நூலிலும் இச்சட்டம் உண்டு. ஆனால், நாமே வேண்டுமென்று ஆடைமேல் நசுக்கிப் பூசிக்கொண்டால் சலுகை சிறிதளவுக்கு மட்டுமே. எனவே உம்மாவின் தொழுகைக்குக் குறையில்லை. தவிர்க்க முடியாத தொல்லைக்காக மனிதரைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதே இதன் அடிப்படை. பாயிலும் கம்பளியிலும் உறங்கி, ஆடும் ஒட்டகமும் அருகிலிருக்க வாழ்ந்த மக்களுக்குத் தெள்ளு அன்றாடச் செய்தி. சட்டமும் அதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது.

இலக்கியவாணர்களும் இதை விடவில்லை. பஸராவின் அல்ஜாஹிஸ் (வஃபாத் கி.பி. 868) தம் விலங்கு நூலிலும், எகிப்தின் தமீரி (வஃபாத் 1405) தம் விலங்கு அகராதியிலும் தெள்ளுக்கு இடம் கொடுத்தனர். பேய்க்குமட்டியை ஊறவைத்த நீரை வீட்டில் தெளித்தால் தெள்ளு அகலும் என்பது பழைய அரபு மருத்துவ நூல்கள் சொல்லும் வைத்தியம். நான் அதைச் செய்து பார்க்கவில்லை. குட்டிகள் நக்கிவிடும் என்ற அச்சம்.

இங்கே ஓர் அறிவிப்பையும் குறிப்பிட வேண்டும். நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் தெள்ளைச் சபித்ததாகவும், அது இறைத்தூதர் ஒருவரைத் தொழுகைக்காக எழுப்பியதால் அதைச் சபிக்க வேண்டாம் என்று அவர்கள் தடுத்ததாகவும் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் வருகிறது. இதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் கருத்து. மேடைகளில் இதை உறுதியான ஹதீஸ்போல் சொல்வதை நான் விரும்புவதில்லை. நபியவர்கள் தம் அங்கியின் கையை அறுத்து உறங்கும் பூனைக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் கதையோ இதைவிட மோசம். ஹதீஸ் தொகுப்புகளில் அதற்கு இடமே இல்லை.

தெள்ளைப் பற்றிய இத்தகைய அறிவிப்புகளைத் திரட்டித் தனிச் சிறுநூலே எழுதியவர் ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ், 1372–1449) அவர்கள். ஸஹீஹுல் புகாரிக்கு 'ஃபத்ஹுல் பாரி' என்னும் விரிவுரை தந்த அதே மேதைதான். அவர்களுக்குப் பின் இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களும் தெள்ளைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார்கள். இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. ஏனெனில் இப்னு ஹஜர் அவர்கள் எழுதிய மற்றொரு நூல் தாஊனைப் பற்றியது. 'பத்லுல் மாஊன்' என்பது அதன் பெயர்.

தாஊன் என்பது அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கும் பிளேக் நோய். 1347இல் எகிப்தை அடைந்த அந்தப் பெருங்கொள்ளைநோய் அதன்பின் தலைமுறைதோறும் திரும்பி வந்தது. ஹிஜ்ரி 819இல் இப்னு ஹஜர் அவர்களின் மகள்கள் ஃபாத்திமாவும் ஆலியாவும் அதில் இறந்தனர். நூலை அந்த ஆண்டில் தொடங்கினார்கள். ஹிஜ்ரி 833இல் மீண்டும் பெரும் தாஊன் வந்தது. கருவுற்றிருந்த மூத்த மகள் ஸைன் காத்தூன் அவர்களும் போய்ச் சேர்ந்தார். நூல் அந்த ஆண்டில்தான் நிறைவு பெற்றது. அதே ஆண்டில் கெய்ரோ மக்கள் நோன்பு நோற்று, பாலைவெளியில் திரண்டு துஆ செய்ததையும், அதற்கு முன் நாளொன்றுக்கு 40க்கும் குறைவாயிருந்த இறப்பு அதன்பின் 1000ஐத் தாண்டியதையும் அவர்கள் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். அவ்வாறு கூடியதை அவர்கள் ஆதரிக்கவும் இல்லை.

ஒரே எழுதுகோல் தெள்ளைப் பற்றியும் எழுதியது, மூன்று மகள்களைக் கொண்டுபோன நோயைப் பற்றியும் எழுதியது. இரண்டையும் இணைக்கும் கண்ணி அன்று எவருக்கும் தெரியாது. தாஊன் ஒரு 'குத்து' என்று ஹதீஸில் வரும் சொல்லை இன்று சிலர் தெள்ளின் கடிக்கு ஏற்றிப் பொருள் கொள்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவியல் கண்டுபிடித்த பிறகு ஏட்டில் அதைத் தேடிக் காட்டுவது ஏட்டுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. அன்றே கண்ணால் கண்டு பேசியவர் கிரனடாவின் இப்னுல் கத்தீப் (வஃபாத் 1374). நோயாளியின் ஆடையும் பாத்திரமும் காதணியும்கூட நோயைக் கொண்டுசெல்கின்றன என்று அவர் எழுதினார். ஆடையில் எது ஒளிந்திருந்தது என்பது மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

அது வெளிப்பட ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சேன் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் நோய் பம்பாயை அடைந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது கொன்றது. பாஸ்டர் நிறுவனம் அனுப்பி இங்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோன் ஒரு செய்தியைக் கவனித்தார். ஒரு கம்பளித் தொழிற்சாலையில் செத்துக் கிடந்த எலிகளை அப்புறப்படுத்திய 20 தொழிலாளருள் 10 பேர் மூன்றே நாட்களில் நோயுற்றனர். மற்றப் பணியாளர் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும் ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது என்று அவர் ஐயுற்றார்.

1898ஆம் ஆண்டு கராச்சியில், பிளேக் நோயாளியின் வீட்டில் பிடித்த நோயுற்ற எலி ஒன்றை மணல் பரப்பிய பெரிய கண்ணாடிச் சாடியில் இட்டார். அதன் ரோமத்தில் சில தெள்ளுகள் இருந்தன. அவை போதா என்று கருதி, தாம் தங்கியிருந்த விடுதியைச் சுற்றித் திரிந்த பூனையொன்றிடம் மேலும் சில தெள்ளுகளைப் பிடித்துச் சேர்த்தார். எலி சாகும் தறுவாயில், நலமான வேறோர் எலியைச் சிறு கம்பிக் கூண்டில் அடைத்து, முதல் எலியையோ மணலையோ தொட இயலாதவாறு சாடிக்குள் தொங்கவிட்டார். முதல் எலி மறுநாள் இறந்தது. தொங்கிய எலி ஐந்தாம் நாள் அசையத் தடுமாறி, ஆறாம் நாள் மாலை மாண்டது. அறுத்துப் பார்த்தபோது நெறிகட்டிய இடங்களில் பிளேக் கிருமி நிறைந்திருந்தது. அந்த நாள் ஜூன் 2. தெள்ளு இல்லாமல் செய்த சோதனையில் நலமான எலிக்கு ஒன்றும் நேரவில்லை. இருந்தும் பல மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. பம்பாயில் கிளென் லிஸ்டனும், பிறகு பிளேக் ஆணையமும் சோதித்து உறுதிசெய்த பின்னரே உலகம் ஏற்றது. கிருமி தெள்ளின் உணவுக்குழாயை அடைத்துவிடுவதால் அது பசியோடு மீண்டும் மீண்டும் கடிக்கிறது; குடித்த இரத்தம் கிருமியோடு கடிவாய்க்கே திரும்புகிறது என்பது 1914இல் தெரியவந்தது.

இதைப் படித்துக் கூறியதும் என் துணைவியாரின் முகம் மாறியது. "அப்படியானால் பூனை இன்றைக்கே போகட்டும்" என்றார். கதையைப் பாதியில் நிறுத்தியது என் தவறு. பிளேக்கைப் பெரிதும் கடத்தியது எலித்தெள்ளு, வேறு இனம். பூனைத்தெள்ளு அவ்வேலையில் மிகவும் வலுவற்றது. சிமோனின் சாடியில்கூட எலியின் சொந்தத் தெள்ளுகளே வேலை செய்திருக்க வேண்டும். பூனைத்தெள்ளால் நமக்கு அரிப்பும் புண்ணும், பூனைக்கு நாடாப்புழுவும், சிலவேளை காய்ச்சல் நோய்களும் வரலாம். அதற்கு மருந்து உண்டு. மேலும், பூனையை வெளியேற்றினால் தெள்ளு போய்விடுவதில்லை. முட்டைகள் பூனையின் மேல் தங்காமல் பாயிலும் தரையிடுக்கிலும் உதிர்கின்றன. பூனை போனால் புதிதாகப் பொரிப்பவற்றுக்கு எஞ்சியிருப்பது நம் கால்களே.

பூனை அருந்துவதற்காகத் தம் உளூத் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்த அபூகதாதா (ரலி) அவர்களையும், பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்று அவர்கள் மருமகளுக்கு எடுத்துக்கூறிய நபிமொழியையும் நினைவூட்டினேன். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் செய்தியை நான் சொல்லவில்லை, உம்மாவே சொல்லிவிட்டார்கள்.

பிறகு வேலையில் இறங்கினோம். கடைக்காரர் ஒருவர் கொடுத்த தூள் நாய்க்குரியது என்று உறையைப் படித்த பின்பே தெரிந்தது. நாய் மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. இதை வாசகர்கள் அவசியம் நினைவிற்கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவர் தாய்ப்பூனையின் பிடரியில் விடும் சொட்டு மருந்தைத் தந்தார். குட்டிகளுக்கு மருந்து வேண்டாம் என்று கூறி, நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி, சிக்கும் தெள்ளுகளைச் சோப்பு நீரில் போடச் சொன்னார். உயிருள்ளதைத் தீயிலிட்டுத் தண்டிப்பதை மார்க்கம் தடுப்பதால், விளக்கில் சுடலாம் என்ற மகனின் யோசனையை நான் ஏற்கவில்லை. பாய், விரிப்பு, முஸல்லா அனைத்தையும் வாரந்தோறும் துவைத்து வெயிலில் காயவைத்தோம். படியின் அடிப்பகுதியை நாள்தோறும் கூட்டி, குப்பையை உடனே கட்டி அப்புறப்படுத்தினோம்.

மூன்றாம் வாரத்தில் ஒழிந்தது என்று எண்ணியிருந்தபோது மீண்டும் கடித்தது. கூட்டுப்புழுவாக இருக்கும் தெள்ளு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கிலும், உறையினுள் காத்திருந்து நடமாட்டத்தின் அதிர்வும் சூடும் பட்டதும் வெளிவரும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். எனவே மருந்தையும் துவைப்பதையும் நிறுத்தவில்லை. உம்மாவின் தொழுகை ஆடையில் கடைசிப் புள்ளியைக் கண்டது ஏழாம் வாரத்தில். ஷவ்வாலில் என் மாணவர் ஒருவர் குட்டிகளுள் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்றார். சீப்பையும் சேர்த்தே கொடுத்தனுப்பினோம்.