தொலைக்காட்சிச் செய்தி: அன்றும் இன்றும்

செய்தி அறியும் வேட்கை மனிதனுக்கு இயல்பானது. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழ்வோர்க்கு அவ்வேட்கை இருமடங்காகும். ஆகவே, தொலைக்காட்சிச் செய்தி இணைய யுகத்திற்கேற்ப மாறிவந்த வரலாற்றை ஆராய்வது நம்மனோர்க்குப் பயன் தருவதாகும்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பெற்றது. 1965-இல் நாள்தோறும் செய்தி வாசிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1975-இல் சென்னை நிலையம் உதயமாயிற்று. எனினும் அதன் ஒளிபரப்பு வடக்கே வாழ்ந்த தமிழரை எட்டவில்லை. அவர்களுக்கு அகில இந்திய வானொலியே துணை. தில்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரலை மறந்தார் எவர்?

அக்காலத்தில் செய்திக்கென ஒரு நேரம் இருந்தது. அந்நேரம் வருமளவும் ஆசிரியர் குழுவினர் செய்தியைச் சரிபார்த்தனர், மக்களும் காத்திருந்தனர். அம்முறையில் நிதானம் இருந்தது, தாமதமும் இருந்தது. 1984 அக்டோபர் 31-ஆம் நாள் காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் மறைந்த செய்தியைத் தூரதர்ஷன் மாலையிலேயே அறிவித்தது. அதற்குப் பல மணி நேரம் முன்னரே மக்களிற் பலர் பி.பி.சி. வானொலி வாயிலாக அதனை அறிந்திருந்தனர். எனவே, பழைய முறை குறையற்றது என்று கூறுதல் பொருந்தாது.

1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது சி.என்.என். நிறுவனத்தின் நேரடிக் காட்சிகள் செயற்கைக்கோளின் ஆற்றலை உணர்த்தின. 1993-இல் சன் டி.வி. தோன்றியது. கேபிள் கம்பியின் வழியே தமிழ் ஒளிபரப்பு வெளிமாநிலக் குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. 2003 நவம்பரில் தூரதர்ஷனும் இருபத்துநான்கு மணி நேரச் செய்தி அலைவரிசையை ஏற்படுத்தியது.

இதன் பின்னர் வந்த மாறுதலே பெரியது. 1995-இல் இந்தியப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இணையம், 2016-க்குப் பின் கட்டணம் வெகுவாகக் குறைந்தமையால் ஏழை எளியோர் கைக்கும் எட்டியது. செய்தி நிலையங்கள் விழித்துக்கொண்டன. தந்தி டி.வி., புதிய தலைமுறை முதலிய தமிழ் அலைவரிசைகள் தம் ஒளிபரப்பை யூடியூபிலும் நேரடியாக வழங்கலாயின. அரைமணிச் செய்தி சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டது. பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்னும் இணையத் தளத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் டிடி கிசான் அலைவரிசையில் மனிதரல்லாத, கணினி படைத்த உருவங்கள் செய்தி வாசிக்க முற்பட்டன!

வேகம் வளர்ந்தது, நிதானம் வளர்ந்ததா? 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னையருகே உள்ள பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்னும் பொய் கைப்பேசிகளில் பரவியது. 2023 மார்ச்சில் நேர்ந்ததோ இன்னும் கொடிது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் படங்கள் பரவின. அவை வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றின் படங்கள். சில பத்திரிகைகளும் அதனை ஆராயாது வெளியிட்டன. தொழிலாளர் அஞ்சினர், ஊரிலிருந்த பெற்றோர் கலங்கினர். தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் மறுப்பு வெளியிட நேர்ந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி உண்மையை அறிய நேர்ந்தது.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு அத்தொழிலாளரின் அச்சத்தை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. இன்று அவர்மீது பரவிய பொய் நாளை நம்மீதும் பரவலாம்.

இணையத்திற்கேற்ப உருவை மாற்றிக்கொள்வது செய்தி நிலையங்களுக்கு இன்றியமையாதது. ஆயின், சரிபார்த்த பின்னரே சொல்வது என்னும் பழைய ஒழுக்கத்தை இழந்தால் அவற்றுக்கும் வதந்திக்கும் வேறுபாடு யாது? கடமை அவர்களுடையது மட்டுமன்று. எங்கே நிகழ்ந்தது, எப்பொழுது நிகழ்ந்தது, சொல்வது யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கும் வரையில் எச்செய்தியையும் பிறர்க்கு அனுப்புவதில்லை என்று நம் குடும்பங்கள் உறுதி கொள்வோமாக. அண்டை வீட்டாரும் நாமும் அச்சமின்றி வாழ அதுவே வழியாகும்.