விழப்போற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்?

"விழப்போற பல்லுக்கு எதுக்குடா இவ்வளவு செலவு? பிடுங்கிப் போட்டா புதுசு முளைக்கப் போவுது!"

வெளி மாநிலத்தில் குழந்தை வளர்க்கிற எல்லார் வீட்டுக்கும் ஊரிலிருந்து போனில் வருகிற வசனம்தான் இது. ஐந்து வயசுக் குழந்தைக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. நரம்பு வைத்தியம் பண்ணி ஸ்டீல் கேப் போடணும் என்கிறார் டாக்டர். எஸ்டிமேட் ஆயிரக்கணக்கில். பாட்டி கேட்பதிலும் லாஜிக் இல்லாமல் இல்லை. எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால், சில வருஷத்தில் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளப்போகிற சொத்துக்கு யாராவது பெரிய ரிப்பேர் செலவு செய்வார்களா? (சொத்து, சொத்தை... சிலேடை தானாக வந்து விழுகிறது, நான் பொறுப்பில்லை!)

சுவாரசியம் என்னவென்றால், இதே கேள்வியைப் பல் மருத்துவர்களும் ரொம்ப காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

நாம் 'பல்லில் பூச்சி' என்கிறோம். இங்கே வடக்கே 'தாந்த் மே கீடா' என்கிறார்கள். இரண்டும் ஒரே நம்பிக்கை, உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. நம்ம ஊரில் கண்டங்கத்தரி விதையைச் சுட்டு வாயில் புகை பிடிப்பார்கள். இங்கிலாந்தில் வேறொரு செடியின் விதையைச் சுட்டு அதே வைத்தியம் செய்தார்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளிருந்து வெள்ளையாக ஒன்று விழும், 'பாருங்க, புழு!' என்று காட்டுவார்கள். பிரான்ஸின் பியர் ஃபோஷார் 1728ல் வெளியிட்ட பல் மருத்துவப் புத்தகத்தில் இதை மறுத்தார். மைக்ராஸ்கோப் வைத்துத் தேடியும் புழுவே கண்ணில் படவில்லை என்றார். அவர் குற்றம் சாட்டியது சர்க்கரையை.

பூச்சி போனாலும் பால் பல்லுக்கு மரியாதை வர இன்னும் இருநூறு வருஷம் ஆனது. லாஸ் ஏஞ்சலஸில் எவாஞ்சலின் ஜோர்டன் என்ற பெண் டாக்டர், பள்ளிக்கூட டீச்சராக இருந்து பல் மருத்துவத்துக்கு வந்தவர், 1909லிருந்து குழந்தைகளை மட்டுமே பார்ப்பது என்று முடிவெடுத்தார். 1925ல் குழந்தைகளின் பல் வைத்தியத்துக்கென்றே புத்தகமும் எழுதினார். கோடக் கேமரா ஈஸ்ட்மன் இருக்கிறாரே, அவர் பணத்தில் ராச்செஸ்டர் நகரில் பிள்ளைகளுக்கான பல் மருத்துவமனை 1917ல் திறந்தது.

இவர்கள் பாட்டியின் கேள்விக்குச் சொன்ன பதில் எளிமையானது. பால் பல் மொத்தம் 20. முன்பக்கத்துப் பல் 6, 7 வயசில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால் பல் விழ 10, 12 வயசு ஆகும். ஐந்து வயசில் அதைப் பிடுங்கினால் ஐந்தாறு வருஷம் அந்த இடம் காலி. சும்மா இருக்குமா? ஆறு வயசில் பின்னால் முளைக்கிற பெரிய நிரந்தரப் பல் மெல்ல முன்னால் நகர்ந்து ஆக்கிரமித்துக்கொள்ளும். கீழே காத்திருக்கிற பல் தன் வீட்டுக்கே வழியில்லாமல் கோணிக்கொண்டு வரும். பால் பல் என்பது ரிசர்வேஷன் சீட்டில் போட்ட துண்டு மாதிரி. துண்டை எடுத்தால் சீட்டு போச்சு. நம்ம பஸ் கலாசாரம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, காப்பாற்றணும். எப்படி? பெரியவர்களுக்குச் செய்கிற ரூட் கேனலை அப்படியே செய்ய முடியாது. பால் பல்லின் வேர் தானாகக் கரைந்தால்தான் பல் விழும், புதுசு ஏறி வரும். வேருக்குள் கரையாத பொருளை அடைத்தால் வம்பு. எனவே சொத்தை எட்டிய மேல்பாதி நரம்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேருக்குள் உயிரோடு இருப்பதை விட்டுவைப்பது என்று வந்தார்கள். இதுதான் பல்பாட்டமி. (வேர் வரை அழுகியிருந்தால் முழுவதையும் எடுத்துவிட்டுக் கரையக்கூடிய பசையால் அடைப்பார்கள். அது பல்பெக்டமி.)

வெட்டிய வாயில் என்ன மருந்து வைப்பது? அதுதான் பெரிய கதை.

1904ல் பக்லி என்ற அமெரிக்க டாக்டர் ஃபார்மோகிரசால் கலவையைக் கொண்டுவந்தார். ஃபார்மால்டிஹைடும் கிரசாலும் முக்கியச் சரக்கு. ஆம், பயாலஜி லேபில் தவளையை ஊறப்போட்டு வைப்பார்களே, அதே ஃபார்மலின் குடும்பம். அவர் கொண்டுவந்தது அழுகிப்போன நரம்புக்கு. 1930ல் சார்லஸ் ஸ்வீட் என்பவர் இதைக் குழந்தைகளின் பல்லுக்குப் பயன்படுத்தும் முறையை எழுதினார். (பல் டாக்டருக்கு இப்படி ஒரு பெயர்!) முதலில் நாலைந்து விசிட் எடுத்தது, பிறகு பஞ்சில் தோய்த்து ஐந்து நிமிஷம் வைத்தால் போதும் என்று சுருங்கியது. மிச்ச நரம்பைக் குணப்படுத்தவில்லை, பாடம் பண்ணி வைத்தது. ஆனால் வலி போனது, பல் நின்றது.

போட்டிக்கு வந்தவர் யார் தெரியுமா? நம்ம வெற்றிலைச் சுண்ணாம்பு! கால்சியம் ஹைட்ராக்ஸைடு. ஜெர்மனியில் ஹெர்மன் 1920ல் ஆரம்பித்தார், 1938ல் அமெரிக்காவில் டாய்ஷரும் ஸாண்டரும் பல்பாட்டமியில் சோதித்தார்கள். பெரியவர்கள் பல்லில் அருமையாக வேலை செய்தது. பால் பல்லில் என்னவோ வேர் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போனது. ஃபார்மோகிரசால் ஜெயித்தது. 1950ல் ஹம்ஃப்ரி குழந்தைகளுக்கான ரெடிமேட் ஸ்டீல் கேப்பை அறிமுகப்படுத்தியதும் ஜோடி சேர்ந்துவிட்டது.

'வேலை செய்கிறது' என்பது ஒரு லெட்ஜர், 'ஆபத்தில்லை' என்பது இன்னொரு லெட்ஜர். முதல் கணக்கு லாபத்தில் ஓடினதால் இரண்டாவதை ரொம்ப நாள் யாரும் டேலி பண்ணவில்லை என்பது என் எண்ணம். 1970களில் விலங்குகளில் செய்த ஆராய்ச்சி, பல்லில் வைத்த மருந்து உடம்புக்குள்ளும் போகிறது என்று காட்டியது. மருந்தை ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துப் பார்த்தார்கள், அதுவும் பலித்தது. 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: அந்த முடிவு தொழிற்சாலைகளில் வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தவர்களைப் பார்த்து வந்தது. பஞ்சில் வைக்கிற துளி அளவு அதே ஆபத்தா என்பதில் டாக்டர்கள் இரண்டு கட்சி.

மாற்று, சிமெண்டிலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினஜாத் குழு 1993ல் வெளியிட்ட எம்.டி.ஏ. என்ற பொருள், வீடு கட்டுகிற போர்ட்லண்ட் சிமெண்டின் நெருங்கிய சொந்தம். ஈரத்திலேயே இறுகும், நரம்பை உயிரோடு விடும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாதெமி 2017ல் வெளியிட்ட வழிகாட்டியில் எம்.டி.ஏ., ஃபார்மோகிரசால் இரண்டையுமே பலமாகப் பரிந்துரைத்தது. சுண்ணாம்பு வேண்டாம் என்றது. நூறு வருஷத்துக்குப் பிறகும் பழைய ஆள் அந்தப் பட்டியலில் இருந்தார் பாருங்கள்.

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் 1920ல் தொடங்கினார். குழந்தைப் பல் டாக்டர்களுக்கென்று தேசிய சங்கம் 1979ல்தான். நம் பாட்டிகள் பிள்ளை வளர்த்த காலத்தில் பக்கத்து ஊரில்கூட அப்படி ஒரு டாக்டர் கிடையாது. பிடுங்குவதுதான் வைத்தியம், சாணியில் உருட்டிக் கூரையில் எறிவதுதான் சடங்கு. எனவே போனில் சண்டை போடாதீர்கள், துண்டு போட்ட கதையைச் சொல்லுங்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் என்று அலைகிற நம்மைப் போன்றவர்கள் ஒன்று செய்யலாம். எந்தப் பல், பல்பாட்டமியா பல்பெக்டமியா, என்ன மருந்து, என்ன தேதி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, எக்ஸ்ரேயோடு ஃபைலில் வையுங்கள். நாக்பூரில் போட்ட கேப்பை நாளைக்கு குவாஹாத்தியில் ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும். கேப் போட்ட பல் பக்கத்தில் ஈறு வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.